விடுபட்ட அச்சு

பத்திரத்தில் எல்லாம் இருந்தது.
அரிசிப்பாளையம் வீடு, கிணற்றில் பாதி,
இரும்புப் பீரோ இரண்டு,
அப்பா வாங்கி ஒருநாளும் ஓடாத தையல் மெஷின்,
பலாமரம்;
காய்ப்பில் ஆளுக்குச் சரிபாதி என்று
எழுத்தர் குனிந்து குனிந்து எழுதினார்.
அச்சுமுறுக்கு அச்சை மட்டும்
யாரும் சொல்லவில்லை.
பரண்மேல் எண்ணெய்த் துணிக்குள் கிடந்தது அது.

அதனால் இன்றுவரை
இருவருக்கும் பொது.

அக்கா ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம்.
நான் கீழே சேலத்தில்.
நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவும்
ஒன்றரை அடிச் சந்துக்கான வழக்கும்.
மூன்று வருடமாகப் பேச்சில்லை.
ஆனால் டிசம்பர் பதினெட்டுவரை அவள் முறை,
பத்தொன்பதிலிருந்து என் முறை.
யார் வகுத்தது என்று எனக்குத் தெரியாது.
அவளுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.
மாலை ஐந்தரை பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்,
மஞ்சள் பையில் அச்சு இறங்கி வரும்.
கண்டக்டர் பிலவேந்திரன் ஒன்றும் சொல்லமாட்டார்.
லக்கேஜ் டிக்கெட்டும் கிழிக்கமாட்டார்.

இந்த முறை பைக்குள்
பூ மட்டும் இருந்தது.
மரை தேய்ந்து பிடி கழன்றிருந்தது.
கூடவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மிளகு.
போன வருடம் அதில் நான் கல்கல் போட்டு அனுப்பியிருந்தேன்.
"பாத்திரத்த வெறுமையா அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்,
வேற அர்த்தம் எடுத்துக்காதீங்க" என்றாள் எமிலி.
பிறகு அவளே மூடியைத் திறந்து
ஒருமுறை முகர்ந்தாள்.

"நான்ஸ்டிக்லயே வந்திருச்சுப்பா, புதுசு வாங்கிரலாம்"
என்றான் ரெக்ஸன்.
நான் செவ்வாய்ப்பேட்டைக்கு வண்டியை எடுத்தேன்.
லேத் பட்டறையில் நல்ல கூட்டம்.
கரும்பு மெஷின் பல்சக்கரம் ஒன்று,
ஜவ்வரிசி ஆலை உருளை இரண்டு,
அவற்றுக்குப் பின்னால் வரிசையில் என் பித்தளைப் பூ.
பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது எந்த வண்டி பார்ட்ஸு?"
சொன்னேன். சிரிக்கவில்லை.
"கம்பி அரையடி போதுமா?"
"கொஞ்சம் கூட விடுங்க, கை சுடும்."

இருபத்துமூன்றாம் தேதி ராத்திரி.
பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, கறுப்பெள்,
சர்க்கரை எமிலியின் கண்ணளவு.
அச்சு முதலில் எண்ணெயில் காய வேண்டும்.
பிறகு மாவில் முக்கால் பங்குதான் முக்கலாம்.
விளிம்பைத் தாண்டினால்
பூ கவ்விக்கொள்ளும், விடாது,
ஊக்கால் நோண்டினாலும் சில்லுச் சில்லாகத்தான் வரும்.
முதல் ஆறும் எனக்கு அப்படித்தான்.
ரெக்ஸன் தின்றுகொண்டே எண்ணினான்.
ஏழாவதற்கு ஓர் உலுக்கு.
தானாகக் கழன்று
எண்ணெயில் மிதந்தது,
ஒன்றுமே நடக்காததுபோல.

கேரல் குழு டிரம்மோடு தெருமுனைக்கு வந்துவிட்டது.
எமிலி மாவுக்கையோடு வாசலுக்கு ஓட,
யாரோ இடித்து,
என் வலது மணிக்கட்டில் தெறித்தது ஒரு சொட்டு.
கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் வந்த பையன்
தாடியைத் தூக்கிக்கொண்டு
சுடச்சுட நாலு முறுக்கு தின்றான்.

இருபத்தேழாம் தேதி அச்சைத் துடைத்து
(கழுவக்கூடாது)
மஞ்சள் பையில் வைத்தேன்.
புத்தாண்டுக்கு அக்கா இன்னொரு ஈடு போடுவாள்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் மறுபடி கல்கல்.
மிளகு வாசம் போகவில்லை,
போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி ஒன்பது, வாய்தா.
கோர்ட்டு வராந்தா பெஞ்சில்
இந்த முனையில் நான், அந்த முனையில் அக்கா,
நடுவில் வக்கீல் குமாஸ்தா,
அவர் மடியில் எங்கள் கட்டு.
மலைக்குப் போட்ட ஸ்வெட்டர் கீழே புழுங்க
அவள் கையை மேலே இழுத்துவிட்டாள்.
மணிக்கட்டில் ஒரு கொப்புளம்,
என்னுடையதைவிடப் புதியது.

கூப்பிட்டார்கள். பிப்ரவரிக்குத் தள்ளினார்கள்.
எழும்போது அக்கா
குமாஸ்தாவைப் பார்த்துச் சொன்னாள்:
"பிடி கொஞ்சம் நீளமாப் போச்சு."

அவர் பதறிப்போய்
கட்டைப் பிரித்துத் தேட ஆரம்பித்தார்
எந்தப் பிடி, எத்தனாவது பக்கம் என்று.